முந்நூறு வெள்ளைக் காலர்கள்

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஒரு தேங்காய் வாங்க மூன்று கடை ஏறி இறங்குவேன். டாக்டர் சாதாரண சளி என்று சொன்னால், பெரிதாக எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன். "ஒங்களுக்குள்ள ஒரு பொலிஸ் ஸ்டேசன் இருக்குங்க" என்பாள் என் மனைவி. சிரித்துக்கொண்டே பகிடியாகத்தான் சொல்வாள். நானும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவன் ஹட்டனில் ஒரு கடையில் மொனிட்டர் வாங்கப் போனால் எப்படி இருக்கும்? கடைக்கார முஸ்லிம் நானா முத்திரை உடைக்காத பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீங்களே ஒடைங்க தம்பி, ஒங்க கண்ணால பாத்து எடுங்க" என்றார். அவ்வளவு தைரியமாகச் சொல்கிறாரே, அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. பெட்டியின் ஒட்டு நாடா ஒரு மூலையில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "ஹட்டன் குளிருக்கு நாங்களே சுருங்கித்தான் இருக்கோம்" என்றார். மொனிட்டரை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மின்சாரம் கொடுத்துத் திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்று ஒவ்வொரு நிறமாகப் போட்டு, மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று ஒளிராத செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அது முப்பத்திரண்டு அங்குலம். ஒரு செக்கனுக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை படம் மாறும். நிறம் பிசகாது என்பதற்குத் தொழிற்சாலையில் சோதித்த தாள் ஒன்று பெட்டிக்குள்ளேயே இருந்தது. முக்கியமாக, அதற்கு ஓரச் சட்டம் என்று ஒன்று கிடையாது. கண்ணாடி முடிகிற இடத்தில் மொனிட்டரும் முடிந்துவிடும். மேசைமேல் வைத்தால் படம் மட்டும் காற்றில் நிற்பதுபோல இருக்கும்.

ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே படம் திருத்திக் கொடுக்கிறேன். ஒன்லைனில் விற்கும் உடுப்புக் கடைகளின் படங்கள் வரும். பின்னணியை வெட்டி வெள்ளையாக்கி, துணியின் நிறம் துணியில் இருப்பதுபோலவே படத்திலும் இருக்கிறதா என்று சரிசெய்ய வேண்டும். பழைய மொனிட்டரில் மெரூனும் கத்தரிப்பூவும் ஒன்றாகத் தெரியும். இந்த மொனிட்டர்தான் என் தொழிலே. சரி, கேமுக்கும் அது நன்றாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் வீடு றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே உள்ள தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. பின்பக்கம் தகரம் போட்டு நானே இறக்கிய சின்ன அறையில் மொனிட்டரை வைத்தேன். வைத்த நாளிலிருந்து எனக்கு உலகத்தில் எல்லாமே எதிரியாகிவிட்டது. மூடுபனி எதிரி, அது உள்ளே வந்து திரைக்குள் பூசணம் பிடிக்கவைக்கும். ஜன்னலை நிரந்தரமாகச் சாத்தினேன். கரண்ட் எதிரி, அது கூடிக்குறையாமல் இருக்கத் தனிப் பெட்டி போட்டேன். காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறவர்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. திரைச்சீலை போட்டேன். மனைவி தன் பழைய சேலையொன்றை வெட்டி மொனிட்டருக்கு உறை தைத்துக் கொடுத்தாள். உறையை நான்தான் கழற்றுவேன், நான்தான் மாட்டுவேன். திரையை யாரும் தொடக்கூடாது, துடைக்கவும் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

அந்த அறைக்குள் என்னைத் தவிர வர அனுமதி இருந்தது ஒருவனுக்குத்தான். அவன் என் மனைவியின் தம்பி. கினிகத்தேனையில் ஆட்டோ ஓட்டுகிறான். பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபிறகு, அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். ஞாயிறு பகலில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு மேலே வருவான். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, கையில் ஒரு பொட்டலம் மிக்சரோடு என் பக்கத்தில் வந்து உட்காருவான். இரண்டு பேரும் கார்ப் பந்தயம் விளையாடுவோம். நாளெல்லாம் வளைவில் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். மொனிட்டர் புதிது, கேம் புதிது, வளைவு மட்டும் அவனுக்குப் பழசு. பத்துக்கு எட்டில் அவன்தான் ஜெயிப்பான்.

தோற்பது எனக்கு ஆகாது. ஒரு ஞாயிறு, கடைசி வளைவில் அவன் என்னை முந்தியபோது, கீபோர்டைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தேன். நாலைந்து கட்டைகள் தெறித்துப் போயின. ஒன்று கதவருகே தேத்தண்ணி கொண்டுவந்து நின்ற மனைவியின் காலடியில் போய் விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்து மேசையில் வைத்தாள். தம்பி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆயுத பூசை வந்தது. அந்த வருஷம் பூசைக்கு நான் வீட்டில் இல்லை. கொழும்பு அலுவலகத்தில் கூட்டம், இரண்டு நாள். திரும்பி வந்தபோது அம்மி, தையல் மெசின், என் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மொனிட்டர் உறைக்குள் இருந்தது. ஒரு தடயமும் இல்லை.

அந்தக் கிழமை முழுக்க வந்தவை எல்லாம் வெள்ளைச் சட்டைகள். ஒரே கடை, ஒரே அளவு, சட்டையை விரித்துப் போட்டு மேலிருந்து எடுத்த முந்நூறு படம். முதல் படத்தைத் திறந்ததும் பார்த்தேன், காலரில் லேசான மஞ்சள். இரண்டாவதிலும் மஞ்சள். மூன்றாவதிலும் அப்படித்தான். என்னுள்ளே இருக்கிற பொலிஸ் ஸ்டேசன் விழித்துக்கொண்டது. போட்டுக் கழற்றிய சட்டைகளைத் துவைத்துப் புதுசு என்று விற்கப் பார்க்கிறார்கள்! கழுத்து வியர்வை எங்கே போகும்?

மூன்று நாள் உட்கார்ந்து முந்நூறு காலரிலும் மஞ்சளை எடுத்தேன். மஞ்சளை எடுப்பது என்றால் அந்த இடத்தில் நீலம் ஏற்றுவதுதான். வேலையை அனுப்பும்போது சும்மா அனுப்பவில்லை. இந்தக் கடை பழைய சட்டை விற்கிறது, நிறுவனம் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட கடிதமும் எழுதினேன். கண்டுபிடித்ததற்கு என்னைப் பாராட்டுவார்கள் என்று நம்பினேன்.

அடுத்த நாள் மேற்பார்வை பார்க்கிற பெண் எனக்குப் போன் எடுத்தாள். என்னைவிட வயதில் இளையவள், வேலையில் கெட்டி.

"ஏன் எல்லாக் காலரும் நீலமா இருக்கு?"

"ஒங்க மொனிட்டர்ல பிழை இருக்கலாம் மேடம். என்னோடது நல்ல ரகம்."

"அப்பிடியா? இங்க நாலு மொனிட்டர்ல பாத்தோம். நீங்க ஒரு வெள்ளைப் பக்கத்தை முழுசாத் திறந்து பாருங்க."

திறந்தேன். திரையின் மேற்பகுதியில், சரியாக நடுவில், ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு மங்கல் மஞ்சள். படம் இல்லை, கடை இல்லை, வியர்வை இல்லை. வெறும் வெள்ளையில் அது அமைதியாக இருந்தது. போனில் அந்தப் பெண் காத்திருந்தாள். முந்நூறு படத்தையும் மறுபடி செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு வேலை வரவில்லை.

முதலில் கடைக்கார நானாவைச் சந்தேகப்பட்டேன். பெட்டியின் நாடா சுருங்கியிருந்ததே! மொனிட்டரைச் சுற்றிக் கட்டி, மச்சினனைக் கூப்பிட்டு, அவனுடைய ஆட்டோவிலேயே ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். புறப்படும்போது மனைவி வாசலில் நின்று என்னவோ சொல்ல வந்தாள். தம்பி அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். எல்லாவற்றையும் கவனிக்கிற நான் அதையும் கவனித்தேன். போய் வருகிறேன் என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

நானா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நகத்தால் மெல்லத் தடவினார். "இது உள்ளுக்கு வந்த பிழை இல்ல தம்பி. வெளியால பட்ட கறை. மினுக்கம் தெரியாம இருக்க மேல ஒரு பூச்சு இருக்குது, அதுல மஞ்சள் மாதிரி என்னமோ ஊறியிருக்கு. யாரோ போட்டுத் தேச்சும் இருக்காங்க. வீட்டுல யாராச்சும் தொட்டாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கடை வாசலில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். மிக்சர் தின்று தின்று அவன் விரல் நுனி மஞ்சளாவதை எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன்! பந்தயத்தில் முந்தும்போது எழும்பித் திரையை விரலால் காட்டிக் காட்டிச் சத்தம் போடுவதும் அவன்தானே!

"நீதானே?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஆமா மச்சான். நாந்தான். கை பட்டுருச்சு. தொடைக்கப் போய் இன்னும் மோசமாயிருச்சு" என்றான்.

நானா சொன்னதை நம்பாதவன், டாக்டரை நம்பாதவன், தேங்காயைக்கூட நம்பாதவன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறுகேள்வி இல்லாமல் நம்பினேன். ஏனென்றால் அது நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தீர்ப்பு. கடை என்றும் பார்க்காமல், ஆள் நிற்கிறது என்றும் பார்க்காமல் கத்தினேன். "இனிமே அந்த ரூமுக்குள்ள கால வெச்சிராத" என்றேன். அவன் மொனிட்டரை ஆட்டோவில் ஏற்றி, பள்ளத்தில் இறங்காமல் பார்த்துப் பார்த்து ஓட்டி வந்து, இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்துவிட்டுப் போனான். அக்கா தேத்தண்ணி ஊற்றியிருந்தாள். குடிக்கவில்லை.

நான் சொன்னது அறையை மட்டும்தான். அவன் வீட்டுக்கே வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஞாயிறுகள் நீளமாகிவிட்டன. மனைவி பழக்கத்தில் கூடுதலாகச் சோறு வடிப்பாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது மலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில்தான் அவளுக்கு வேலை. அங்கே நாள் முழுக்கப் பேசிச் சிரிக்கிறவள், வீட்டில் வாயைத் திறக்கக் கணக்குப் பார்த்தாள். ரோட்டில் ஆட்டோச் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்குப் போவாள். வேறு யாருடையதாவது இருக்கும். திரும்பி வந்து வேலையைப் பார்ப்பாள். "வரச் சொன்னா வந்துருவானே" என்று ஒருமுறை சொன்னாள். "தப்பு செஞ்சவன்தான் வந்து கேக்கணும்" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் குசினியில் அடுப்படியோரம் நின்று போனில் தாழ்ந்த குரலில் தம்பியோடு பேசுவாள், நான் போனதும் நிறுத்திவிடுவாள். அக்காவும் தம்பியும் எனக்கு எதிராக ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். ஆளில்லாத பந்தயத்தில் கம்பியூட்டரோடு ஓடி நான் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

மெல்ல வேலை திரும்பி வந்தது. கறைக்குப் பழகிவிட்டேன். எந்தப் படத்தையும் ஒருமுறை கீழே இழுத்துப் பார்த்த பிறகுதான் நிறத்தில் கை வைப்பேன்.

மறுபடி ஆயுத பூசை வந்தது. அந்த வருஷம் நான் வீட்டில் இருந்தேன். மனைவி காலையிலேயே தலைக்குக் குளித்து வீட்டைக் கழுவிவிட்டாள். மஞ்சள் கலந்த சந்தனத்தைக் கிண்ணத்தில் குழைத்தாள். ஒவ்வொரு வருஷமும் முதல் பொட்டு அவள் தம்பியின் ஆட்டோவுக்குத்தான். பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அப்படித்தான் பழகிவிட்டார்கள். அவன் ஆட்டோவைக் கழுவி, மாலை போட்டுக்கொண்டு மேலே வருவான். அவள் முன் கண்ணாடியில் பொட்டு வைத்தபிறகுதான் மற்றச் சாமான்கள். அன்று அவள் கிண்ணத்தோடு வாசலில் நெடுநேரம் நின்றாள். சந்தனம் காய்ந்து வந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மறுபடி நின்றாள். பிறகு உள்ளே வந்து அம்மிக்கு வைத்தாள்.

அறையில் நான் உறையைக் கழற்றியிருந்தேன். அவள் உள்ளே வந்தாள். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு கையை உயர்த்தினாள். விரல் திரையின் மேற்பகுதியில், சரியாக நடுவில், அந்தக் கறைக்கு ஒரு விரல்கடை முன்னால் போய் நின்றது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து, மொனிட்டர் நிற்கிற இரும்புக் காலில் பொட்டை வைத்தாள்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

"நீயா?" என்றேன்.

"பிரேமே இல்லைங்களே" என்றாள். அழுகை வந்துவிட்டது. "எங்க வெக்கிறதுன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். எல்லாச் சாமானுக்கும் வெச்சிட்டு, வருசம் பூரா நமக்குச் சோறு போடுற சாமான மட்டும் எப்பிடி விடுறது? நெத்தி மாதிரி இருந்துச்சு, அங்க வெச்சேன். அப்பறம் பயம் வந்து ஈரத்துணியால தேச்சேன். தேக்கத் தேக்க ஊறிருச்சு. தம்பி அப்ப இங்கதான் நின்னான். நீ வாயத் தொறக்காத, கேட்டா நான் ஏத்துக்கிறேன்னான்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்ற மாதிரியாங்க இருந்தீங்க?"

ஒரு வருஷமாக நான் அவளுடைய தம்பியை அவளிடமிருந்து பறித்து வைத்திருந்தேன். அதுவும், எனக்கு நல்லது வரட்டும் என்று அவள் வைத்த ஒரு பொட்டுக்காக. வெட்கமாக இருந்தது. கிண்ணத்தை வாங்கி ஒரு மூடியால் மூடினேன். "கெளம்பு" என்றேன்.

கினிகத்தேனை பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் கிண்ணத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் நான் அவனிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மன்னித்துக்கொள் என்று நேராகச் சொல்லிவிடலாம். ஞாயிறு வா, ஆட்டத்தில் உன்னை விடமாட்டேன் என்று பகிடியாகவும் சொல்லலாம். அவன் உடனே சிரித்துவிடுவான் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது.

ஸ்டாண்டில் ஏழெட்டு ஆட்டோ வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் மாலை, எல்லாவற்றின் கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு. சிங்கள டிரைவர்மாரின் ஆட்டோக்களுக்கும் கூட்டாளிகள் வைத்து விட்டிருந்தார்கள். கடைசியில் நின்ற ஒன்று கழுவிச் சுத்தமாக இருந்தது, மாலையும் போட்டிருந்தது. கண்ணாடி மட்டும் வெறுமையாக இருந்தது. அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் எங்களைக் கண்டுவிட்டு எழுந்து வந்தான்.

"எல்லாம் தெரிஞ்சிருச்சுடா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அக்காவிடம் போனான். தாழ்ந்த குரலில்தான் கேட்டான், ஆனாலும் எனக்குக் கேட்டது.

"அடிச்சாராக்கா?"

நான் என் மனைவியை ஒருநாளும் அடித்தது கிடையாது. கை ஓங்கியதும் இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். கதவடியில் போய் விழுந்த கீபோர்டுக் கட்டை ஞாபகத்துக்கு வந்தது. நான் அடிப்பேன் என்று இரண்டு பேர் ஒரு வருஷமாகப் பயந்து, அதற்காக ஒருவன் தன் அக்கா வீட்டையே விட்டுக்கொடுத்திருக்கிறான்.

"சீ, இல்லடா" என்று அவள் உடனே சொன்னாள். அவனுக்கு அது போதவில்லை. கிண்ணத்தை வாங்கி ஆட்டோவின் சீட்டில் வைத்துவிட்டு, அவளுடைய கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹட்டன் கடையில் நான் மொனிட்டரைப் பார்த்தது போலவே பார்த்தான். நான் ஓரமாக நின்று, அவன் பார்த்து முடிக்கும்வரை காத்துக்கொண்டிருந்தேன்.